கண்டதை எழுதுங்கள்!

என் பெரியப்பா மகன் வீட்டு பீரோவில் பத்திரம், பாஸ்புக், ரேஷன் கார்டு வகையறாக்களோடு ஒரு தினசரி காலண்டர் தாளும் பத்திரமாக இருக்கிறது. 2004-ம் வருஷம், ஆவணி மாதத்துத் தாள். முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் பென்சிலில் நாலு குறிப்புகள். அண்ணியின் கையெழுத்து.

'11.10 – பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தார். வண்டி என்னாச்சு என்றார்.

12.30 – கூப்பிட்டதும் திறந்தார். என்னைப் பார்த்து அம்மா என்றார்.

2.00 – ரெண்டு தடவை சத்தமாகக் கூப்பிட்ட பிறகு திறந்தார். தண்ணி, சாவி என்று சம்பந்தமில்லாமல் சொன்னார்.

3.40 – கூப்பிட்டுத் திறக்கவில்லை. தோளில் கிள்ளினேன். முனகினார். வலது கையால் என் கையைத் தட்டிவிட்டார். இடது கை அசையவில்லை.'

அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி அண்ணன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்திருந்தார். ஹெல்மெட் இல்லை. அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனையில் சேர்த்தோம். காதுக்கு மேலே சின்னதாக ஒரு வீக்கம், அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. பேசினார். 'காலையில் ஸ்கேன் எடுத்துக்கலாம்' என்று சொல்லிவிட்டு டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மாடி முழுக்க ஒரே ஒரு நர்ஸ். அண்ணி ரெண்டு மணி சுமாருக்கு அவரிடம் போய்ச் சொல்லியும் இருக்கிறார். 'தூங்கட்டும்மா, அடிபட்டவங்க தூங்கத்தானே செய்வாங்க' என்று பதில்.

விடியற்காலை நாலு மணிக்கு ஒரு டெலிவரி கேஸுக்காக வந்த டாக்டர், போகிற போக்கில் எட்டிப் பார்த்தார். கேஸ் ஷீட்டைப் புரட்டினார். நேரம் போட்டு மூன்று இடத்தில் ஒரே வார்த்தை. 'ட்ரௌஸி'.

'ராத்திரிக்கு இப்ப எப்படி இருக்கார்?' என்று கேட்டார்.

'அதே மாதிரிதான் சார், ட்ரௌஸி' என்றார் நர்ஸ்.

அண்ணி ஒன்றும் பேசாமல் காலண்டர் தாளை நீட்டினார். டாக்டர் அதை ரெண்டு தடவை படித்தார். 'யாரும்மா இதை எழுதினது?' என்று கேட்டவர், பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் வேனுக்கு ஆள் அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன், மண்டைக்குள் ரத்தக்கட்டு, உடனே ஆபரேஷன். அண்ணன் பிழைத்தார்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் அந்த நர்ஸைத் திட்டுவார்கள். நானும் பல வருஷம் திட்டியிருக்கிறேன். பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. அவர் ஒரு வார்த்தைகூடப் பொய் எழுதவில்லை! பதினொன்றுக்கு அண்ணன் அரைத்தூக்கத்தில்தான் இருந்தார். ஒன்றரைக்கும் அப்படித்தான். மூன்றரைக்கும் அப்படித்தான். மூன்று தடவையும் எழுதியது உண்மை. ஆனால் பிரயோஜனம் இல்லாத உண்மை. அந்த ஒரு வார்த்தைக்குள் ஒரு மனிதர் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

தன்னைப் பற்றித் தானே சொல்ல முடியாத ஒருவருக்காக நாம் சாட்சி சொல்ல வேண்டி வந்தால், எதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்? நாம் பார்த்ததையா? அதிலிருந்து நாம் செய்துகொண்ட முடிவையா?

இது டாக்டர்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் எல்லாருக்கும் பொதுவான சமாசாரம் என்று கடைசியில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஒரு சின்னப் பரீட்சை. அரை மயக்கம், மயக்கம், ஆழ்ந்த மயக்கம், நினைவு தப்பிய நிலை. இந்த நாலையும் வரிசைப்படுத்துங்கள். நீங்கள் ஒரு வரிசை சொல்வீர்கள், உங்கள் மனைவி இன்னொன்று சொல்வார். டாக்டர்களும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். ஒருவர் 'ஸ்டூப்பர்' என்று எழுதியதை அடுத்தவர் 'செமி கோமா' என்பார். ஒரே நோயாளி, ஒரே நேரம், ரெண்டு வார்த்தை. அதைவிட மோசம், ரெண்டு நோயாளி, ரெண்டு நிலை, ஒரே வார்த்தை.

இந்தக் குழப்பத்தை உடைத்தவர்கள் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தைச் சேர்ந்த இரண்டு மூளை அறுவை நிபுணர்கள். பேராசிரியர் பிரையன் ஜென்னட், அவருடன் வேலை பார்த்த இளையவர் கிரஹாம் டீஸ்டேல். தலையில் அடிபட்டவர்களைப் பற்றி நெதர்லாந்து டாக்டர்களோடு சேர்ந்து தகவல் சேகரிக்க வேண்டியிருந்தது. ரெண்டு ஊர் டாக்டர்களும் ஒரே பாஷை பேசியாக வேண்டும். 1974-ல் 'லான்செட்' இதழில் கட்டுரை எழுதினார்கள். இன்றைக்கு உலகம் பூராவும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் புழங்குகிற 'கிளாஸ்கோ கோமா ஸ்கேல்' அப்படித்தான் பிறந்தது.

அவர்கள் செய்த புத்திசாலித்தனம் என்ன தெரியுமா? பிரக்ஞை என்றால் என்ன என்கிற கேள்வியையே விட்டுவிட்டார்கள்! தத்துவ ஞானிகள் காலம்காலமாக அடித்துக்கொள்கிற விஷயம். நாம் அதற்கு விடை சொல்லிவிட்டுத்தான் நோயாளியைப் பார்ப்பது என்றால் நோயாளி தாங்க மாட்டார். அதனால் வெளியே தெரிகிற மூன்றை மட்டும் பார் என்றார்கள். கண் திறக்கிறதா? வாய் என்ன பேசுகிறது? கை என்ன செய்கிறது?

கண்ணுக்கு நாலு படி. தானாகத் திறந்திருந்தால் 4. கூப்பிட்டுத் திறந்தால் 3. அழுத்தி வலி கொடுத்துத் திறந்தால் 2. எதற்கும் திறக்கவில்லை என்றால் 1. பேச்சுக்கு ஐந்து. தான் யார், எங்கே இருக்கிறோம், இது எந்த மாதம் என்று சரியாகச் சொன்னால் 5. குழப்பமாகப் பேசினால் 4. சம்பந்தமில்லாத வார்த்தைகள் 3. வெறும் முனகல் 2. ஒன்றுமே இல்லை என்றால் 1. கை, காலுக்கு ஆறு. சொன்னபடி செய்தால் 6. வலிக்கிற இடத்தைத் தேடிவந்து தட்டிவிட்டால் 5. வெறுமனே இழுத்துக்கொண்டால் 4. அதற்குக் கீழே கை விறைத்து மடங்குவது 3, விறைத்து நீளுவது 2, அசைவே இல்லை 1.

இப்போது காலண்டர் தாளை மறுபடி படியுங்கள். அண்ணிக்கு ஜென்னட்டும் தெரியாது, டீஸ்டேலும் தெரியாது. ஆனால் கண், பேச்சு, கை மூன்றும் அதில் இருக்கின்றன. நேரமும் இருக்கிறது. முதல் குறிப்புக்கும் கடைசிக் குறிப்புக்கும் நடுவே பேச்சு கேள்வியிலிருந்து முனகலுக்கு இறங்கியிருப்பது தெரிகிறது. இடது கை நின்றுபோனதும் தெரிகிறது.

எப்படி எழுதினார்? எனக்குத் தோன்றுவது, அது பால் கணக்கு எழுதிப் பழகிய கை. காலண்டரில் 'அரை லிட்டர்', 'ஒரு லிட்டர்', 'வரவில்லை' என்றுதான் எழுதுவோம். 'பால்காரர் சரியில்லை' என்று எழுதுவதில்லை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அவர் சரியா, சரியில்லையா என்று தானாகத் தெரிந்துவிடும். முடிவைக் கடைசியில் சொல்லலாம். தினமும் எழுத வேண்டியது வந்ததையும் வராததையும்தான்.

மூன்று எண்களையும் கூட்டிச் சொல்கிற பழக்கமும் பின்னாலேயே வந்தது. அதிகபட்சம் 15, குறைந்தபட்சம் 3. சைபர் கிடையாது. செத்துப்போனவருக்கும் 3 உண்டு, அவர் படுத்திருக்கிற கட்டிலுக்கும் 3 உண்டு என்று மருத்துவ மாணவர்கள் ஜோக் அடிப்பார்கள்.

ஆனால் கூட்டுத்தொகையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நாலு படி, ஐந்து படி, ஆறு படி. பெருக்கினால் 120 விதமான நிலைகள். கூட்டினாலோ 3 முதல் 15 வரை 13 எண்கள்தான். 120 விதமான மனிதர்களை 13 பெட்டிக்குள் அடைக்கிறோம். கண் 4, பேச்சு 1, கை 4 என்றாலும் ஒன்பது. கண் 2, பேச்சு 2, கை 5 என்றாலும் ஒன்பது. முதல் ஆள் விழித்திருக்கிறார், ஆனால் பேச்சு இல்லை. இரண்டாமவர் முனகுகிறார், ஆனால் வலிக்கிற இடத்தைத் தேடிக் கை வருகிறது. ரெண்டு பேரும் ஒருவரா?

நம் பிள்ளைகளின் மார்க் ஷீட் மாதிரிதான். மொத்தம் 300 என்றால் எல்லாப் பாடத்திலும் சுமாரா, இல்லை கணக்கில் மட்டும் ஃபெயிலா என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவின் தேசிய விபத்துத் தகவல் தொகுப்பை வைத்து 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. மொத்தம் 4 வாங்கியவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்தக் கூடுதல் ஒரு மார்க் கண்ணுக்குக் கிடைத்திருந்தால் இறந்தவர்கள் சுமார் 19 சதவிகிதம். அதே ஒரு மார்க் கைக்குக் கிடைத்திருந்தால் சுமார் 48 சதவிகிதம். மொத்தம் ஒன்றுதான், தலையெழுத்து வேறு. அதனால்தான் ஒரு தனி நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள் என்று டீஸ்டேல் வலியுறுத்தி வந்தார்.

அடுத்தது இன்னும் நுட்பமானது.

நோயாளியின் தொண்டையில் குழாய் செருகி வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். பேச முடியாது. பேச்சுக்கு என்ன மார்க்? 1 என்று போட்டுவிடுவது சுலபம். முகம் வீங்கிக் கண் திறக்கவே முடியாதவருக்கும் 1 போட்டுவிடலாம். படிவத்தில் கட்டம் நிரம்பிவிடும். ஆனால் அது பொய். '1' என்றால் 'சோதித்தேன், ஒன்றும் இல்லை' என்று அர்த்தம். இங்கே நடந்ததோ 'சோதிக்க முடியவில்லை'. அதனால் இப்போதைய விதிப்படி அந்தக் கட்டத்தில் எண் போடக் கூடாது. சோதிக்க இயலவில்லை என்று எழுதி, காரணத்தையும் எழுத வேண்டும்.

'இல்லை' என்பதும் 'எனக்குத் தெரியவில்லை' என்பதும் வேறு வேறு. கடவுள் சண்டையிலிருந்து பக்கத்து வீட்டு வம்பு வரைக்கும் நாம் இடறி விழுகிற இடமே இதுதான். ஆஸ்பத்திரியில் இடறினால் ஓர் உயிர் போகலாம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பேச்சு மார்க்கில் இன்னொரு வம்பு உண்டு. கிராமத்திலிருந்து வந்த ஒரு பாட்டியம்மாள் தலையில் அடிபட்டுப் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இது என்ன மாசம் பாட்டி?' என்கிறார் சின்ன வயசு டாக்டர். 'ஆவணி' என்கிறார் பாட்டி. டாக்டர் எதிர்பார்த்தது செப்டம்பர். 'குழப்பமாகப் பேசுகிறார்' என்று ஒரு மார்க் குறைத்துவிட்டால்? அவர் ஊரில் முகூர்த்தத்துக்கும் நாற்று நடவுக்கும் அதுதான் மாசம். பாட்டி சரியாகத்தான் சொன்னார். சரியாகக் கேட்டுக்கொள்ளாதது யார்?

சென்னையில் மேம்பால வேலைக்கும் அடுக்குமாடி வேலைக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிற பையன்களை நினைத்துப் பாருங்கள். சாரத்திலிருந்து விழுந்து, தன் பாஷையில் 'என் அண்ணனைக் கூப்பிடுங்க, நம்பர் இதுதான்' என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருப்பான். நமக்குப் புரியாது. 'ஏதோ உளறுகிறான்' என்று எழுதிவிடலாம். அது அவன் மூளையைப் பற்றிய குறிப்பா, நம் காதைப் பற்றிய குறிப்பா? 'பேசுகிறான், எனக்கு அந்த பாஷை தெரியாது' என்று எழுதுவதற்குக் கொஞ்சம் பணிவு வேண்டும். அந்தப் பணிவு இருந்தால்தான் யாராவது ஒரு மேஸ்திரியைத் தேடிப்பிடித்து அழைத்துவரத் தோன்றும்.

பாஷைக்கு அடுத்து வாடை. சாராய வாடை அடித்தால் போச்சு. 'குடிச்சிருக்கான், தூங்கட்டும்.' குடித்தவருக்கும் மண்டை உடையும் ஐயா! சொல்லப்போனால் அவருக்குத்தான் அதிகம் உடைகிறது. வாடை அடிக்கிறது என்பது பார்த்தது. போதையால்தான் எழவில்லை என்பது தீர்ப்பு. தீர்ப்பை எழுதிவிட்டால் அதற்கப்புறம் யாரும் கிட்டே போய்ப் பார்க்க மாட்டார்கள். அதுதான் தீர்ப்பின் குணம், கதவைச் சாத்திவிடும்.

இதே கிளாஸ்கோ குழுவிலிருந்து 1975-ல் இன்னொரு கட்டுரை வந்தது. தலையில் அடிபட்ட பிறகு பேசி, அதற்குப் பிறகு இறந்துபோனவர்களைப் பற்றியது. பேசினார்கள் என்றால் அடிபட்ட நொடியில் மூளை மொத்தமாகச் சிதையவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஏதோ நடந்திருக்கிறது. பெரும்பாலோருக்கு மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது.

காதுக்கு மேலே மண்டை ஓடு மெல்லியது. அதன் உட்பக்கமாக ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது. ஓடு விரிசல் விட்டுக் குழாய் கிழிந்தால் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மூளையை அமுக்கும். அதுவரை ஆள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். நடாஷா ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில நடிகை, 2009 மார்ச் 16-ம் தேதி கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். எனக்கொன்றுமில்லை என்றார். வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. சுமார் ஒரு மணி நேரத்தில் தலைவலி ஆரம்பித்தது. 18-ம் தேதி இறந்துபோனார். வயது 45.

இந்த மாதிரி கேஸில் ஒரு தடவை பார்த்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 13 நல்லதா கெட்டதா? முன்பு 10 ஆக இருந்து 13 என்றால் சந்தோஷம். 15 ஆக இருந்து 13 என்றால் ஓடு! ஆக, முதல் குறிப்பு இல்லாவிட்டால் இரண்டாவது குறிப்புக்கு அர்த்தமே கிடையாது. பிரிட்டனின் வழிகாட்டு நெறிப்படி 15-ஐத் தொடும்வரை அரை மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். தொட்ட பிறகும் ரெண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை.

அரை மணிக்கு ஒரு தடவை! ராத்திரி மூன்று மணிக்கு, தனியாக, இருபது நோயாளிகளோடு இருக்கிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மேலே எழுதியதையே கீழேயும் எழுதிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அது சரியாகவும் இருந்துவிடும். மாற்றி எழுதினால்தான் தொல்லை. டியூட்டி டாக்டரை எழுப்ப வேண்டும், திட்டு வாங்க வேண்டும். 'அதே மாதிரி' என்று எழுதுவதில் எந்த வம்பும் இல்லை. சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. பயமும் களைப்பும் சேர்ந்து எழுத வைக்கிற வார்த்தை அது. நர்ஸுகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல், எழுப்பினதற்காகத் திட்டுகிற டாக்டரை மாற்றாமல், புதுப் படிவம் மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் அதையும் அப்படித்தான் நிரப்புவார்கள்.

எதற்காக எழுதுகிறோம் என்பதும் முக்கியம். நாளைக்குக் கேஸ் வந்தால் தப்பிக்க ஓர் எழுத்து உண்டு. அடுத்த ஷிப்டில் வருகிறவருக்காக ஓர் எழுத்து உண்டு. முதலாவதில் வார்த்தைகள் எப்போதும் வழவழ என்று இருக்கும். 'நிலைமை திருப்தி', 'தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது' இப்படி. யாரையும் மாட்டிவிடாது, யாருக்கும் உதவாது. இரண்டாவதில் ஒரு முகம் இருக்கும். 'எட்டு மணிக்கு வருகிற நீ இதைப் படிக்கும்போது நான் பார்த்ததை நீயும் பார்க்க வேண்டும்' என்கிற அக்கறை இருக்கும். அண்ணி எழுதியது இந்த ஜாதி.

நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். இருபது வருஷ அனுபவமுள்ள டாக்டர் ஒரு பார்வை பார்த்து 'இது சரியில்லை' என்கிறாரே, அந்தத் தீர்ப்புக்கு மதிப்பு இல்லையா? நிச்சயம் உண்டு. பல உயிர்களை அந்த 'சரியில்லை' காப்பாற்றியிருக்கிறது. அதையும் எழுதட்டும். ஆனால் பார்த்ததை எழுதிவிட்டு, அதற்குக் கீழே, தனியாக. ரெண்டையும் கலந்துவிட்டால் பின்னால் வருகிறவரால் பிரிக்க முடியாது. பார்த்தது அப்படியே இருந்தால், தீர்ப்பு தப்பாகிப்போனாலும் இன்னொருவர் திருத்திக்கொள்ளலாம்.

தீர்ப்பு தப்பாகிப்போன கதைகள் நிறைய. 1996-ல் லண்டன் புட்னி பகுதியில் உள்ள நரம்பியல் ஊனமுற்றோர் மருத்துவமனையிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 'உயிர் மட்டும் இருக்கிறது, பிரக்ஞை இல்லை' என்ற முத்திரையோடு அங்கே அனுப்பப்பட்ட 40 பேரைப் பொறுமையாகப் பார்த்தார்கள். 17 பேருக்கு அந்த முத்திரை தப்பு! அழைப்பு மணியை அமுக்கியும் கண்ணால் காட்டியும் அவர்களால் பதில் சொல்ல முடிந்தது. அதில் நெஞ்சைப் பிசைகிற தகவல் ஒன்று. அந்தப் பதினேழில் பெரும்பாலோருக்குப் பார்வையே இல்லை, அல்லது மிகவும் மங்கல். முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டி, 'கண் தொடரவில்லை, ஆகவே நினைவில்லை' என்று யாரோ எழுதியிருக்கலாம். 'கண் தொடரவில்லை' என்பதோடு நிறுத்தியிருந்தால், பின்னால் வந்த ஒருவர் 'ஒருவேளை கண் தெரியவில்லையோ?' என்று கேட்டிருப்பார். 'ஆகவே' என்ற வார்த்தைதான் கதவைச் சாத்திவிட்டது.

2006-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் என்ற விஞ்ஞானி, விபத்தில் சிக்கி எந்தப் பதிலும் இல்லாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேனரில் வைத்து, 'டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்' என்றார். ஆரோக்கியமானவர்களுக்கு எந்த இடத்தில் மூளை வெளிச்சம் போடுமோ அதே இடத்தில் அவளுக்கும் போட்டது. 2024-ல் வெளியான பெரிய ஆய்வில், சொன்னதற்கு எந்தப் பதிலும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை உள்ளுக்குள் சொன்னதைச் செய்திருக்கிறது. நாலில் ஒருவர்!

'பதில் தரவில்லை' என்பதை 'உள்ளே யாரும் இல்லை' என்று படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, இதில் நீங்கள் எங்கே வருகிறீர்கள்?

நீங்கள்தான் முதல் சாட்சி. நடுரோட்டில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது டாக்டர் அங்கே இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பழைய பயம் இனி வேண்டாம். 2016-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்த வழிகாட்டு நெறிகளும், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவும் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு தருகின்றன.

108-க்கு போன் செய்யுங்கள். கழுத்தை ஆட்டாதீர்கள், உலுக்காதீர்கள். மணி பாருங்கள். கூப்பிடுங்கள். கண் திறந்ததா? என்ன சொன்னார்? 'என் விரலைப் பிடிங்க' என்றால் பிடித்தாரா? எந்தக் கை? இதை அப்படியே ஆம்புலன்ஸ் ஆளிடம் சொல்லுங்கள். 'நினைவில்லாமல் கிடந்தார் சார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். '8.20-க்குக் கண் திறந்து தம்பி என்றார், 8.35-க்குக் கூப்பிட்டும் திறக்கவில்லை' என்று சொல்லுங்கள். அந்தப் பதினைந்து நிமிஷம் உலகத்தில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் அது எங்கேயும் இருக்காது.

வழக்கமாக வீட்டில் பெரியவர்கள், 'கண்டதையும் எழுதாதே' என்பார்கள். நான் சொல்கிறேன், கண்டதை எழுதுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். காணாததைக் 'காணவில்லை' என்று எழுதுங்கள். காண முடியாததை 'முடியவில்லை' என்று எழுதுங்கள்.

தமிழில் 'நினைவு' என்ற சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். நினைவு தப்பிவிட்டது என்றால் பிரக்ஞை. நினைவில் இருக்கிறது என்றால் ஞாபகம். ஒருவருக்கு முதல் நினைவு தப்புகிறபோது இரண்டாவதும் சேர்ந்தே போய்விடுகிறது. அந்த நேரத்தில் அவர் எப்படி இருந்தார் என்பதை அவரே பிறகு வந்து சொல்ல முடியாது, நம்மை மறுக்கவும் முடியாது. நாம் என்ன எழுதுகிறோமோ அதுதான் அவர். எதிர்த்துப் பேச முடியாத ஆளைப் பற்றி எழுதும்போதுதான் ஒருவருடைய நாணயம் தெரியும். நம் நினைவை அவருக்குக் கொஞ்ச நேரம் கடன் கொடுக்கிறோம், கலப்படம் இல்லாமல் கொடுக்க வேண்டும்.

அண்ணன் இப்போது இடது காலை லேசாக இழுத்து நடக்கிறார். மற்றபடி சௌக்கியம். அந்த ராத்திரி மட்டும் அவருக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார்.

'நிஜமாவே நான் உன்னை அம்மான்னா கூப்பிட்டேன்?'

'எழுதி வெச்சிருக்கேன் பாருங்க' என்பார் அண்ணி.